வெள்ளெலிக்குக் காவல்

செல்லதுரை வீட்டுப் புதுமனை விசேஷத்துக்குப் போவதில்லை என்று செவ்வாய்க்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். செல்லதுரை என் மனைவி அமிர்தவல்லியின் தம்பி. ஜெயங்கொண்டத்தில் இரண்டரை சென்ட்டில் வீடு கட்டி, அதற்கு மூன்று வளைவு வாசல் வைத்த அறிவாளி. நான் மூத்த மாப்பிள்ளையாம். மைக்கில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அறுபத்தாறு வயதில் நான் கூட்டத்தில் வாய் திறந்தது மொத்தம் ஒரு தடவை. அதுவும் பந்தியில், "சாம்பார் போதும்" என்று.

காரணம் வேண்டுமே. எங்கள் கடலைக் கொல்லைக்குப் போய் வெள்ளெலி வளைகளை எண்ணினேன். பதினேழு.

"ஞாயித்துக்கிழமை நான் வரல. கொல்லையில வெள்ளெலி. காவல் இருக்கணும்."

"போயும் போயும் எலிக்கா?"

"சாதா எலியா அது? வாலு உடம்பவிட நீளம். நுனியில குஞ்சம். தண்ணிகூடத் தேடாது. பாலைவனத்துலயே குடித்தனம் நடத்தும்."

"உங்களவிட சமத்துதான். நீங்க காப்பித்தண்ணி இல்லாம வாசப்படி தாண்ட மாட்டீங்க. அது எப்ப வெளிய வரும்?"

"ஏழு மணிக்கு மேலதான். பகல்ல வளை வாயை உள்ளேருந்து மண்ணால அடைச்சுக்கிட்டுத் தூங்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"விசேஷம் காலைல. அது தூங்குறப்ப நீங்க எதுக்குக் காவல்?"

"பகல்லதான் வளைக்கு அடையாளக் குச்சி நடணும். பதினேழு குச்சி. உனக்குப் புரியாது."

"புரியலதான். இருங்க."

முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக விட்டதில்லை. அதை நான் எண்ணத் தவறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குச்சி நட்டுவிட்டு வேப்பமரத்தடியில் படுத்தேன். மாப்பிள்ளை பேச்சைக் கேட்கப் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் கும்பலை நினைத்துச் சிரிப்பு வந்தது. வெள்ளெலிக்கு இருக்கும் புத்திகூடக் கிடையாது. அது ஆள் அரவம் கேட்டால் உள்ளே போய்விடுகிறது.

சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு வேன் வந்து நின்றன. பட்டுப்புடவையோடு அமிர்தவல்லி முதலில் இறங்கினாள். பின்னால் முப்பத்தொரு பேர்.

"என்னடி இது?"

"எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க. வெள்ளெலி சமாச்சாரத்தச் சொன்னேன். பார்த்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க."

செல்லதுரை ஸ்பீக்கர் பெட்டியை வரப்பில் இறக்கிவிட்டு, மைக்கை என் கையில் திணித்தான்.

"மாமா, எலி எத்தனை மணிக்கு வரும்?"

நான் மைக்கைத் திருப்பி நீட்டுவதற்குள் அவளே சொன்னாள்:

"ஏழு மணிக்குத் தம்பி. அதுவரைக்கும் மாமா பேசுவாரு."