ஐந்து அடுக்குக் கவர்

என் காரை என் மனைவி தொடக்கூடாது. இதுதான் அந்த மாதம் நான் எடுத்த வீர சபதம்.

வாயைத் திறந்து சொல்லவில்லை. அவ்வளவு வீரம் எனக்குக் கிடையாது. "கார் ஓட்டக் கத்துக்கறேங்க" என்று அவள் சொன்னபோது, "பார்க்கலாம்" என்றேன். பார்க்கவே போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்தேன். புதுக் கார். ஒரு கீறல் விழுந்தாலும் என் நெஞ்சில் விழுந்த மாதிரி. அதனால்தான் தினமும் ஆபீஸுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன்.

கார் நிற்பதோ வாசலில், வெட்டவெளியில். நல்ல கவராக வாங்கிப் போட்டு, பூட்டியும் வைத்துவிட்டால்? காருக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு.

கடைக்கு அவளும் வந்தாள்.

"இது மெலிசு சார். உடம்போட ஒட்டின சட்டை மாதிரி கச்சிதமா உக்காரும்" என்றார் கடைக்காரர். "அது பிளாஸ்டிக். மழைக்கு நல்லது, ஆனா உள்ளே வேர்க்கும், பெயின்ட் போயிடும். இது அஞ்சு அடுக்கு. மழை, வெயில், பறவை எச்சம் எதுவும் அண்டாது. உள்ளே காத்தும் போகும். எதுக்கு வேணாலும் பூட்டு மாட்டிக்கலாம்."

எனக்கு மெலிசு மேல்தான் கண். மூடியிருந்தாலும் என் காரின் வளைவு நெளிவுகளைத் தெரு பார்க்க வேண்டாமா?

"அஞ்சு அடுக்கே எடுங்க" என்றாள் மனைவி.

"மூட்டை மாதிரி இருக்கே!"

"இருக்கட்டும். வண்டியைவிட அழகா முக்கியம்?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கார் ஆசையை விட்டுவிட்டாள், என் பக்கம் வந்துவிட்டாள்! கடைக்காரர் கொடுத்த பூட்டுச் சாவியைப் பெருமையாகச் சட்டைப் பைக்குள் போட்டேன். கவர் பையை வழக்கம்போல் அவள் கையில் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? எதிர்வீட்டு மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காரை அவர் பொறுப்பில் விட்டேன். தினமும் ஆபீஸிலிருந்து போன் போடுவேன்.

"மாமா, வண்டி எப்படி இருக்கு?"

"பத்திரமா இருக்கு தம்பி. என் கண்ணு அதைவிட்டு அசையலை."

"ஏதோ ஹார்ன் சத்தம் கேக்குதே?"

"ரோடுன்னா கேக்கத்தானே செய்யும்!"

ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றித் துடைத்தபோது ஒன்று மட்டும் இடித்தது.

"பெட்ரோல் குறைஞ்சிருக்கே?"

"வெயில்ல ஆவியாப் போயிருக்கும்" என்றாள் மனைவி. "கவர் போட்டதால இதோட நின்னுது."

ஐந்து அடுக்கு வாங்கியது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் ஆபீஸில் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் படுத்துவிட்டன. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் என் செல்லம், கவரைப் போர்த்திக்கொண்டு சமர்த்தாக நின்றது. ஆசையாக பானெட்டில் சாய்ந்தேன்.

பானெட் உள்ளே போனது. கூடவே நானும் போனேன்.

தடதடவென்று என்னென்னவோ சரிந்தன. கவருக்குள் சிக்கி இருட்டில் துழாவினேன். கைக்கு நாற்காலி வந்தது. இன்னொரு நாற்காலி. சாப்பாட்டு மேஜை. அதன்மேல் துணி காயப்போடும் ஸ்டாண்ட். கடைசியாக, போன வாரம் காணாமல் போன என் சூட்கேஸ்!

பின்னால் ஹார்ன் அடித்தது. தலையை வெளியே நீட்டினேன். என் கார். ஸ்டியரிங்கில் என் மனைவி. பக்கத்து சீட்டில் எதிர்வீட்டு மாமா, கண் அசையாமல்.

"கொஞ்சம் தள்ளுங்க, வண்டியை நிறுத்தணும்" என்றாள். "லைசன்ஸ் டெஸ்ட் பாஸ்!"

"பூட்டு... சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"பூட்டுன்னா ரெண்டு சாவி இருக்காதா? ஒண்ணு பையிலேயே இருந்துது. நீங்கதானே குடுத்தீங்க. கார் சாவிதான் வீட்டு ஆணியிலேயே தொங்குதே."

வலிக்கிறதா, வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்போ கடையில என் பக்கம் பேசினது?"

அவள் இறங்கி, என் தலையில் மாட்டியிருந்த கவரை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"மெலிசு வாங்கியிருந்தா நாற்காலிக் கால் தெரியுமேங்க!"