சலவைக்கடைக்காரனின் முன்பல்

பாசமும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட சலவைக்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் தங்கை சுகம், இஸ்திரிப்பெட்டியும் பழுதில்லாமல் சூடாகிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் உங்கள் பெயர்ப்பலகைப் பட்டறையும் சுகமென்று நம்புகிறேன். என் படம் வராமல் பலகை பாதியில் நிற்கிறது என்று நீங்கள் போனில் சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். கோபிக்காதீர்கள். எல்லாம் என் முன்பல்லால் வந்த வினை.

பலகையில் நான் பல் தெரியச் சிரிக்க, கீழே 'கறை போகும், துணி போகாது' என்று எழுத வேண்டும் என்பது உங்கள் யோசனைதானே? எதிரில் மெஷின் சலவைக்கடை வந்து என் வாடிக்கையில் பாதியை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பலகையைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன். படம் எடுக்கிற கடையில் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன். அந்த ஆள் கேமராவை இறக்கிவிட்டு, "அண்ணே, பல்லுல ஏதோ கறுப்பா ஒட்டியிருக்கு, துடைச்சிட்டு வாங்க" என்றார். துடைத்தேன், போகவில்லை. கொப்பளித்தேன், அப்போதும் போகவில்லை. கறை எடுக்கிறவனே கறையோடு பலகையில் சிரித்தால் எதிர்க்கடைக்காரன் எனக்கு மாலை வாங்கிக்கொண்டு வரமாட்டானா?

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை, காலர் அழுக்குப் பார்க்கிற டார்ச்சை என் வாய்க்குள் அடித்துப் பார்த்து, "சொத்தை. புடுங்கித்தான் ஆகணும்" என்று ஒரே போடாகப் போட்டாள். "கறையிலேயே குடும்பம் நடத்துறவன் நான், எனக்குத் தெரியாதா? டீக்கறை" என்றேன். "அப்ப எடுத்துக் காட்டுங்க" என்றாள். மச்சான், என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லலாமா? அன்றைக்கே பல்லைத் துணியாக நினைத்து வேலையில் இறங்கிவிட்டேன். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்தேன், ஊறுகிற நேரத்தில் வாயைத் திறக்க முடியாமல் கடைக்கு வந்தவர்களிடம் கையால் பேசினேன், ஒரு டீச்சரம்மா என்னை வாய் பேச முடியாதவன் என்று நினைத்து, வழக்கமாகப் பேரம் பேசுகிறவர், போர்வைக்குக் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டுக் கண்கலங்கிப் போனார். அப்புறம் எலுமிச்சை, அப்புறம் காலர் தேய்க்கிற பிரஷ். பல் கூசிக் கண்ணில் தண்ணி கொட்டுச்சே தவிர கறுப்பு அசையல. ஓட்டை இருக்கான்னு துணிக்குச் சீட்டுக் குத்துற ஊசியால குத்திப் பார்க்கலாம்னு எடுத்தேன், உங்க தங்கச்சி அதைப் புடுங்கி அடுப்படியில ஒளிச்சு வச்சிட்டா.

ஆனால் ஒரு வெற்றி கிடைத்தது. பக்கத்துப் பல்லில், ஈறு ஓரமாக, ஓர் இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வெளுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு தலைகால் புரியல எனக்கு! தபால்காரரிடம் காட்டினேன். எதிர்க்கடைக்காரனையே கூப்பிட்டு, உதட்டைத் தூக்கி, "உன் மெஷின்ல வருமாய்யா இந்த வெள்ளை?" என்று கேட்டேன். அவன் ஷட்டரை இறக்கிவிட்டான்.

கடைசியில் உங்கள் தங்கை என்னைப் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் பல்லில் குழாயால் காற்றடித்துக் காயவைத்து உற்றுப் பார்த்தார். "கறுப்பா இருக்கறது வெறும் டீக்கறைங்க" என்றார். நான் துள்ளியெழுந்ததில் மேலே தொங்கிய விளக்கில் தலை இடித்தது. "கேட்டியா?" என்றேன் உங்கள் தங்கையிடம். "உட்காருங்க, இன்னும் முடிக்கல. இந்த வெள்ளை இருக்கே, இதுதான் சொத்தையோட ஆரம்பம்." மச்சான், வெள்ளை தப்பாம்! சலவைக்காரன் காதில் விழ வேண்டிய பேச்சா இது? கறை பல்லுக்கு மேலே படிகிறதாம், வழவழப்பாக இருக்கும், சுத்தம் செய்தால் போய்விடும். சொத்தை அப்படியில்லையாம். முதலில் பல்லின் சத்து கரைந்து, பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுக்குமாம், வலிக்கவே வலிக்காதாம், பழுப்பும் குழியும் அப்புறம்தானாம். கறுப்பெல்லாம் கறையென்றும் அர்த்தமில்லை, கண்ணாடியில் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது என்றார். "குழி விழல. மருந்து பூசறேன், ஒழுங்கா பார்த்துக்கிட்டா இறுகிடும். சோடா, எலுமிச்சை, பிரஷ், ஊசி எல்லாம் கடையோட நிக்கட்டும்" என்று சொல்லிக் கறுப்பையும் எடுத்துவிட்டார். வழியெல்லாம் "சொத்தை இருந்துச்சா இல்லையா?" என்று அவளும் "கறை இருந்துச்சா இல்லையா?" என்று நானும் சண்டை போட்டு, இரண்டு பேருமே ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

ஆகவே படம் இத்துடன் வருகிறது. எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி பெரிதாகப் போடுங்கள். கறை எது, சொத்தை எது என்று இனி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டையும் கொடுத்திருக்கிறார், பையோரத்தில் பழுப்பாக ஒரு பொட்டு. அது போனால் அவர் ஆஸ்பத்திரித் துணி முழுவதும் நமக்குத்தானாம். கடை பிழைத்தது மச்சான்! கோட்டு வாளியில் ஊறுகிறது, கடிதத்தை முடித்ததும் தேய்க்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் வீட்டு மொத்தப் பற்களுக்கும் என் மனமார்ந்த ஆசி.

உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: தேய்த்தேன். பொட்டுப் போய்விட்டது. பொட்டு இருந்த இடமும் போய்விட்டது, என் விரல் அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. ஊறப்போடும்போதே உங்கள் தங்கை, "தேய்க்காதீங்க, அது கறையில்ல, துணியே இத்துப்போயிருக்கு" என்றாள், நான்தான் கேட்கவில்லை. கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் சொன்னதையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "ஆசிட் சிந்தின இடங்க. துணிக்கும் சொத்தை வரும் போல" என்று சிரியோ சிரியென்று சிரித்தார். ஆஸ்பத்திரித் துணி நமக்குத்தானாம், ஆனால் நான் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் உங்கள் தங்கை பார்க்க வேண்டுமாம். அதனால் 'துணி போகாது' என்பதை எடுத்துவிடுங்கள். என் படத்தையும் எடுத்துவிட்டு, கூட வைத்திருக்கிற உங்கள் தங்கையின் படத்தைப் போடுங்கள். பல் தெரியச் சிரிக்கிறாள். படக்காரர் சிரிக்கச் சொல்லவே இல்லை, நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.