கதை கேட்க வந்த ஃபாங்

கதை கேட்பவர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். தோளில் ஒலிப்பதிவுக் கருவி, கழுத்தைச் சுற்றி நார்நாராய் ஒரு துண்டு, சேறே படாத ரப்பர் பூட்ஸ், உங்களுக்காக இப்போதே அழத் தயார் என்கிற முகம். சமூகக் கலையில் கதைசொல்லலின் இடம் என்ன என்று ஆராயச் சொல்லி, ஏதோ ஓர் அறக்கட்டளை ஓராண்டு நல்கைப் பணமும் கொடுத்து, கடலோரமாக ஓர் ஊர் பார்த்து அவரை இறக்கிவிட்டிருக்கும். அந்த ஊர் என்ன பாவம் செய்தது? ஒன்றும் செய்திருக்காது. எங்கள் ஊரும் செய்யவில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் தலைநகர் தைப்பேயிலிருந்து வந்த ஃபாங் யி-ஷுன். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் முதல் வாரமே விரட்டியிருப்போம். என் சிப்பி ஆம்லெட் கடைக்கு எதிரே இருக்கும் ஊர் மன்றத்தை அவருக்கு ஒதுக்கினார்கள். வந்ததும் அங்கிருந்த கரோக்கிப் பெட்டியை மூலைக்குத் தள்ளி, வெள்ளைத் துணி போர்த்தி, வாசலில் ‘கதை அறை’ என்று பலகை மாட்டிவிட்டார்.

அந்தப் பெட்டி சியூ-மான் அக்காவின் உயிர். கொட்டகையில் சிப்பி உடைக்கும் பெண்களைச் சேர்த்து அவர் ஒரு பாட்டுக் குழு நடத்திவந்தார். நிலாத் திருவிழாவுக்கு மாவட்டப் போட்டி. போன வருஷம் பக்கத்து ஊர் வாத்துப் பண்ணைக்காரர்களிடம் தோற்றது இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது.

“சார், மன்றம் எப்பக் காலியாகும்?”

“ஊரோட மனசு திறக்கும்போது, அக்கா.”

“திறந்தாச்சு சார். சாவியக் குடுங்க.”

ஃபாங் புன்னகைத்தார். “சாவி… உங்களுக்குள்ள ஏதோ பூட்டிக் கிடக்கு” என்றார்.

இதுதான் இந்த இனத்தின் காது. நீங்கள் எதைச் சொன்னாலும் உள்ளே போகும்போது இழப்பாக மாறிவிடும். என்னிடமும் ஒருநாள் வந்தார். “உங்க வாழ்க்கையில உறைஞ்சுபோன தருணம் எது?”

“உறையலையே சார், அதான பிரச்சனை! ஃபிரிட்ஜ் கெட்டு மீனெல்லாம் நாறிப்போச்சு.”

கண்ணை மூடிக்கொண்டார். “அப்பாவ ரொம்பத் தேடுறீங்க” என்றார்.

என் அப்பா உள்ளே வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சியூ-மான் அக்கா கொட்டகையில் ஒரு முடிவெடுத்தார். “இந்த ஆளுக்கு அழுகைதான வேணும்? வயிறு முட்டக் குடுத்து ஊருக்கு அனுப்பிடுவோம்.” அன்று முதல் பெண்கள் வரிசையாகக் கதை அறைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு ஒரே பெண்ணான மெய்-ஜு, சூறாவளி அடித்துப்போன தன் இரட்டைச் சகோதரியை நினைத்துக் கதறினாள். இன்னொருத்தி கலங்கரை விளக்கக் காவல்காரரைக் காதலித்துப் பிரிந்தாளாம். எங்கள் ஊரில் கலங்கரை விளக்கமே கிடையாது. அக்கா மட்டும் சும்மா இருப்பாரா? தன் கணவர் தியன்-ஃபூவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். படகைப் பார்த்தாலே குமட்டுகிற, ஸ்கூட்டர் பழுது பார்க்கிற தியன்-ஃபூவை!

ஃபாங் தேம்பித் தேம்பி அழுதார். ஆண்டு முடியும் முன்பே நிறைவு விழா அறிவித்தார். பெண்கள் ரகசியமாகக் கைதட்டிக்கொண்டார்கள்.

விழாவுக்கு அறக்கட்டளைக் குழுவினர் வந்தார்கள். இலவசச் சாப்பாடு என்பதால் ஊரும் வந்தது. வெள்ளை உடையில் ஃபாங் மேடையேறி, கடல் கொண்டுபோன தியன்-ஃபூவின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மனிதர் அருமையாகச் சொன்னார். முன்வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த தியன்-ஃபூவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்டி. யாரு இந்த ஆளு? பேருகூட என் பேருதான்.”

“பேசாம கடலையத் தின்னு” என்றார் அக்கா.

“வலது காது மடல் பாதி இல்லாத, குறட்டையால் கூரைத் தகரத்தை அதிரவைத்த தியன்-ஃபூ…” என்றார் ஃபாங் மேடையில்.

தியன்-ஃபூ தன் காதைத் தடவிப் பார்த்தார். எழுந்தார். “ஏய்! நான் எப்ப செத்தேன்?”

ஊரே வாயைப் பொத்தியது. அறக்கட்டளைக் குழுவினரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். “இறந்தவரே எழுந்து பேசுறாரு! எப்பேர்ப்பட்ட மக்கள் பங்கேற்பு!” என்று தலைவர் கண்கலங்கி, ஃபாங்கின் நல்கையை இன்னும் ஓராண்டுக்கு அங்கேயே நீட்டித்தார்.

அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புருஷன் செத்ததாகச் சொன்னபோதுகூட அவ்வளவு வாடவில்லை.

ஃபாங் மட்டும் மேடையிலேயே நின்றார். பிறகு இறங்கி வந்தார். “எல்லாமே பொய்யா அக்கா?”

“அழுகை நிஜம் சார். பாட இடமில்லாமப் போச்சேன்னுதான் அழுதேன்.”

“அத எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே?”

“நேராத்தான் சார் கேட்டேன். சாவியக் குடுங்கன்னேன். நீங்க எனக்குள்ள பூட்டு இருக்குன்னீங்க.”

ஃபாங்கின் காது சிவந்தது. இரண்டாம் ஆண்டு வேலையைக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டு, மன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெண்களோடு உட்கார்ந்து சிப்பி உடைத்தார், கையைக் கிழித்துக்கொண்டார், பன்றிக்கறி விலையேற்றத்தைப் பற்றிய புலம்பலை வெறும் பன்றிக்கறி விலையேற்றமாகவே கேட்கப் பழகினார்.

போட்டியில் வாத்துக்காரர்களே மறுபடியும் ஜெயித்தார்கள். ஃபாங் ஓடி வந்தார். “இப்ப எப்படி இருக்கு அக்கா?”

“பசிக்குது.”

ஒரு கணம் கண்ணை மூடப்போனார். சட்டென்று திறந்துகொண்டு, ஓடிப்போய் எல்லோருக்கும் வாத்துக்கறிச் சோறு வாங்கிவந்தார். ஒரு எலும்புகூட மிச்சம் வைக்கவில்லை நாங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் உங்கள் பக்கம் திரும்பி ஏதோ முனகினாரே, நீங்களும் உருகிப்போய், ‘பாவம், தனிமை’ என்று தலையாட்டியபடி, வீட்டில் இதை எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, என் கால மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க.”