பல் டாக்டர் செதிலப்பன் முதலிடம் பிடித்த கதை

ஒரு காட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். எறும்புத்தின்னி. பெயர் செதிலப்பன். எறும்புத்தின்னிக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. தனக்கு இல்லாததாலோ என்னவோ, அடுத்தவர் பல்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். நகத்தை விட்டுப் பிடுங்கினார் என்றால் வலியே தெரியாது. ஆனால் பிடுங்கிக்கொள்ள ஆள் வந்தால்தானே?

ஆள் வராததற்குக் காரணம் மைனா. அந்தக் காட்டில் யாரும் யாரையும் விசாரித்துப் போகும் வழக்கமே ஒழிந்துவிட்டது. எது வேண்டுமானாலும் இலவ மரத்தடியில் நின்று கேட்பார்கள், மேலிருந்து மைனா மடமடவென்று பெயர்களை வரிசையாகச் சொல்லும். முதல் பெயர் காதில் விழுந்ததுமே எல்லாரும் ஓடிவிடுவார்கள். இரண்டாவது பெயரைக் கேட்க எவனுக்கு இங்கே பொறுமை இருக்கிறது? பல்வலி என்று கேட்டால் முதல் பெயர் பெருச்சாளி. அவன் வளையில் நாற்காலி கிடையாது, மருந்து கிடையாது, அவனுக்குப் பல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாததால் சட்டென்று போய்ச் சட்டென்று வந்துவிடலாம். மைனாவின் கணக்கில் அதற்குத்தான் மதிப்பு. செதிலப்பன் பெயர் வரிசையின் கடைசியில்கூட இல்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மாமனார் பக்கத்து மலையில் பெரிய பெரிய கரையான் புற்றெல்லாம் வைத்திருக்கும் பெரிய கை. மழை பிடிப்பதற்குள் வைத்தியம் சூடுபிடிக்காவிட்டால் மாப்பிள்ளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தன் புற்றுகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அதாவது, வீட்டோடு மாப்பிள்ளை. அந்த வார்த்தையைக் கேட்டாலே செதிலப்பன் சுருண்டு பந்தாகிவிடுவார். நிஜமாகவே பந்துதான். மனைவி குமுதவல்லி தண்ணீர் தெளித்துப் பிரிக்க வேண்டும்.

கடைசியில் கீரி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். மைனாவின் வரிசையில் ஆட்களை மேலே ஏற்றிவிடுவதுதான் அவனுக்குத் தொழில். வந்ததும் வராததுமாக வளையைச் சுற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினான். வைத்தியம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைனா மரத்தைவிட்டு இறங்காது, அதன் ஆய்வாளர்கள்தான் ஊர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வார்கள், அவர்கள் எங்கும் தடுக்காமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றான். ஆய்வாளர்கள் யார் என்று டாக்டர் கேட்கவில்லை. உலகத்துக்கே தெரிந்ததாயிற்றே என்று கீரியும் சொல்லவில்லை.

பிறகு பாருங்கள், ஏகாம்பரம் வளையை ஒரு புரட்டுப் புரட்டினான். போய் முட்டி நிற்கும் சந்துகளை மண் போட்டு அடைத்தான். காத்திருக்கும் அறை, பிடுங்கும் அறை, பிடுங்கியபின் அழும் அறை என்று திருப்பத்துக்குத் திருப்பம் பலகை வைத்தான். வாசலில் வளை முழுவதற்கும் ஒரு வரைபடம் மாட்டினான். இப்போதெல்லாம் பாதிப் பேர் சின்ன உருவத்தில்தான் வருகிறார்கள் என்று சுண்டெலி அளவுக்கு இன்னொரு வாசல் திறந்தான். கூடத்தில் டாக்டர் தம்பதியின் கல்யாணக் கோலம் கல்லில் செதுக்கிய சிலையாக நின்றது. இந்தக் கனத்தை வைத்துக்கொண்டு வேகம் எங்கிருந்து வரும் என்று அதையும் உருட்டி ஓடையில் தள்ளிவிட்டான். அதோடு குமுதவல்லி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வழி வழவழவென்று ஆகிவிட்டது. நோயாளி மட்டும் வரவில்லை. ஆனால் ஒரு நல்லது நடந்தது. முன்பெல்லாம் வழி தெரியாமல் எப்போதோ ஒன்றிரண்டு வரும் எறும்புகள், இப்போது பலகையைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, எங்கும் முட்டாமல் சாரை சாரையாக வந்து நேராக டாக்டர் நாக்கிலேயே இறங்கின. அவருக்குத் தொப்பை போட்டுவிட்டது. கீரிக்கோ ஒன்றும் புரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் பெயர் ஏன் ஏறவில்லை, ஆய்வாளர்கள் வந்தார்களா இல்லையா என்று கேட்டான்.

"யாரும் வரலை ஏகாம்பரம். எறும்புதான் வருது. அதுவும் ஒவ்வொண்ணும் ஒரு துண்டு இலையைக் கவ்விக்கிட்டு வருது. கறிவேப்பிலை போட்டுத் தாளிச்ச மாதிரி என்ன ருசிங்கிறே!"

கீரி தலையில் அடித்துக்கொண்டான்.

"டாக்டர், அந்த இலையிலதான் அவங்க குறிப்பு எடுப்பாங்க."

செதிலப்பன் பந்தாகிவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது.

அன்றிலிருந்து குமுதவல்லி ஒரு கொடியால் புருஷன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டாள். எறும்புகள் வந்தன. அறை அறையாகப் பார்த்தன. அதில் ஒன்று, நல்ல கொழுத்த எறும்பு, அவர் மூக்குமேலேயே ஏறி நின்று நிதானமாகக் குறிப்பு எடுத்தது. மனுஷன் கண்ணீர் விட்டாரே தவிர நாக்கை அசைக்கவில்லை. மறுநாள் காலை மைனா கூவியது, பல்வலிக்கு முதலிடம் டாக்டர் செதிலப்பன்!

அப்பப்பா, கூட்டமா அது! கரடி வந்தது, குரங்குகள் குடும்பத்தோடு வந்தன, வலியே இல்லாத மான்கூட எதற்கும் இருக்கட்டும் என்று வந்து வாயைத் திறந்தது. குமுதவல்லி கோபத்தை மறந்து கீரியோடு கைகோத்து ஆடினாள். ஆனால் முதலிடம் வந்துவிட்டால் ஆய்வாளர்கள் ஓயாமல் வருவார்களாம். வாய்க்கட்டை அவிழ்க்க வழியில்லை, வெளியே போய்க் கரையான் தேட நேரமும் இல்லை. பசி மயக்கத்தில் காட்டுப்பன்றிக்கு ஆடும் பல்லை விட்டுவிட்டு ஆடாத பல்லைப் பிடுங்கிவிட்டார். பன்றி போட்ட கூச்சலில் மண் உதிர்ந்தது. பக்கத்திலிருந்த எறும்பு, வாசலில் தடை ஏதுமில்லை என்று குறித்துக்கொண்டு போனது. மறுநாளும் இவர்தான் முதலிடம்.

இந்தப் பேரும் புகழும் பக்கத்து மலைக்கும் எட்டி, மாப்பிள்ளையை வாழ்த்த மாமனார் புறப்பட்டு வந்தார். நேரம் பாருங்கள். முதலிடக்காரரைப் பாராட்டுவதற்காகத் தலைமை ஆய்வாளர் உட்பட அத்தனை எறும்பும் இலையும் கையுமாக அப்போதுதான் ஊர்வலமாக உள்ளே நுழைந்தன. மாமனாரும் எறும்புத்தின்னிதானே. வாய் கட்டியிருக்கிறதே, டாக்டர் எப்படித் தடுப்பார்? மூக்கால் முனகினார், இரண்டு கையையும் எறும்புகள் பக்கம் ஆட்டினார். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா மாப்பிள்ளை இவ்வளவு ஏற்பாடு?"

ஒரே இழுப்பு. இலை உட்பட ஒன்றும் மிச்சமில்லை.

எல்லாம் போச்சு, இனி புற்றுக் காவல்தான் என்று செதிலப்பன் மூட்டையே கட்டிவிட்டார். விடிந்ததும் குடும்பத்தோடு இலவ மரத்தடியில் போய் நின்றார்கள். மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பல்வலிக்கு முதலிடம் டாக்டர் செதிலப்பன் என்றது. அடுத்த நாளும் அதையேதான் சொன்னது. புதிதாகச் சொல்ல ஆய்வாளர் ஒருவரும் இல்லாததால் இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த தோப்பில் ஒரு முயல் பல் வைத்தியம் தொடங்கியிருக்கிறது, கைராசிக்காரி, வாசலும் வழவழப்பு. அவள் பெயரை மைனா கேள்விப்பட்டதே இல்லை. செதிலப்பன் வீட்டோடு மாப்பிள்ளை ஆகவில்லை. மாமனார்தான் மாப்பிள்ளை வீட்டோடு தங்கிவிட்டார்.

நீதி: முதலிடம் பிடிக்க வாசலைச் சீராக்கு, வழியைச் சீராக்கு, வாயைக் கட்டு. பிடித்த இடத்தைக் காப்பாற்ற மாமனாரை விருந்துக்குக் கூப்பிடு.