மூன்றாம் நரம்பும் தாங்கள் போட்ட மோதிரமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் நலமும் சம்பந்தியம்மாளின் முழங்கால் நலமும் அறிய ஆவல். இந்த மலையடி முகாமில் தங்கள் மகனும் என் மகளும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வேண்டியதோ வேறாகிவிட்டது. கல்யாணத்தன்று தாங்கள் என் விரலில் போட்ட மோதிரம் இப்போது அந்த விரலில் இல்லை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகன் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பான்? நான்தான் இந்த முகாமைப் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளையிடம் வேலை கேட்டேன். பாறைக்குள் நரம்பாக ஓடும் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல்லை வெட்டி, எந்திரத்தில் மாவாக்கி, தங்கம் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புவார்கள். என்றோ பூமிக்கடியிலிருந்து கொதிநீர் வெடிப்பு வழியாக ஏறி, வெந்நீர் அண்டாவில் காறை படிவதுபோல் இந்தக் கல்லையும் கொஞ்சம் உலோகத்தையும் விட்டுப்போயிற்றாம். நான் பளிச்சென்ற துண்டுகளாகப் பொறுக்கினேன். மாப்பிள்ளை சிரித்தார். "அழகா இருக்கறதெல்லாம் வெத்துக் கல்லு மாமா. துருவேறி, சொத்தைப் பல்லு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு பாருங்க, அதுலதான் சரக்கு இருக்கும்." அப்புறம் என் கையைப் பார்த்தார். "மோதிரத்தைக் கழட்டிடுங்க. துளி தங்கம் மாவுல விழுந்தாலும் முடிவே பொய்யாயிடும்." கழற்றினேனா? சம்பந்தி போட்டதாயிற்றே என்ற மரியாதையில் அதன்மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டேன்.

முதல் நரம்பில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் அதுவுமில்லை. "மூணாவதும் கைவிரிச்சா முகாமை மூடிடுவாங்க மாமா, என் வேலையும் போயிடும்" என்றார் மாப்பிள்ளை. அந்த மூன்றாவதை நானே அரைத்தேன், அன்று சாப்பிடக் கை கழுவினால் விரல் மொட்டை! எந்திரத்தடியில் தேடினேன், சாக்கடையைக் கிளறினேன், சமையல்காரர் முறைக்க முறைக்கக் குழம்பைக்கூடத் துழாவினேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் சோதனை முடிவு வந்தது, மூன்றாம் நரம்பில் தங்கம்! துளை போடும் எந்திரம் லாரியில் வந்து இறங்கியது, என் மகள் ஓடிவந்து "நீங்க அரைச்ச கல்லுப்பா!" என்று கட்டிக்கொண்டாள், எனக்கோ அது மாவில் விழுந்த மோதிரத்தின் தங்கம்தான் என்று பட்டது, மலையைப் பார்த்தாலே அது என் மோதிரத்தை மென்றுகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

இன்று காலை சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை திட்டியிருந்தால் தேவலை. "நிஜமாவா மாமா?" என்றார், அவ்வளவுதான். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த முடிவை நம்ப வேண்டாம் என்று தானே சொன்னார். முகாமை மூடச் சொல்லிவிட்டார்கள். வாசலில் எந்திரத்தை லாரியில் ஏற்றுகிறார்கள். மகள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். சம்பந்தி, தப்பு என்மேல்தான். தங்கள் மகனிடம் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுங்கள். என்னை நாற்பது வார்த்தை திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வெட்கத்தைவிட, பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்ற பயம்தான் அதிகமாக இருக்கிறது. மூட்டை கட்டிக்கொண்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்புகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், அதற்கு எனக்கு இன்னும் அருகதை இருந்தால்.

தங்கள் அன்புள்ள,
மொட்டைவிரல் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள். கம்பெனிப் பொருளைத் திருப்பித் தரலாமென்று ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து உதறினேன். உள்ளேயிருந்து மோதிரம் விழுந்தது! ஒரு கீறல் இல்லை. கையுறையை உருவும்போதே கூட வந்திருக்கிறது. முப்பது வருஷம் டிக்கெட் கேட்டு ஊராரைப் பையெல்லாம் துழாவ வைத்தவன், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அப்படியானால் அந்தத் தங்கம் மலையுடையதுதான் சம்பந்தி! ஐயோ, லாரி கிளம்பிவிட்டது, மாப்பிள்ளையும் அதில்தான் போகிறார். கடிதத்தைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, மோதிரத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறேன். விழுங்கிவிடக் கூடாதென்று வேண்டிக்கொள்ளுங்கள்.