அரசு அங்கீகரித்த 'ம்'

மனித குலத்தின் மகத்தான சாதனைகள் மூன்று: நெருப்பு, சக்கரம், ஒரே சீரான 'ம்'. முதல் இரண்டும் ஏதோ தற்செயலாக நேர்ந்துவிட்டவை. மூன்றாவதற்காக எங்கள் வாரியம் பதினொரு கூட்டங்கள் போட்டது. அவற்றில் ஒன்பதில் நான் கலந்துகொண்டேன், மூன்றில் விழித்திருந்தேன்.

சட்டம் வருவதற்கு முன் நாடு இருந்த நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. ஆளாளுக்கு ஒரு 'ம்' வைத்திருந்தார்கள். 'சரி' என்பதற்கு ஒன்று. 'பார்க்கலாம்' என்பதற்கு இழுத்து ஒன்று. 'மேலே சொல்லு' என்பதற்கும் அதேதான், 'போதும், நிறுத்து' என்பதற்கும் கிட்டத்தட்ட அதேதான். மேலதிகாரி பேசி முடித்ததும் நாற்பது பேர் 'ம்' என்பார்கள். அதில் எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்படியொரு குழப்பத்தில் எந்த அரசு நிம்மதியாகத் தூங்கும்?

ஆகவே அரை விநாடி நீளம், ஏற்ற இறக்கம் கிடையாது, பொருள் 'சம்மதம்' மட்டும் என்று ஒரே ஒரு 'ம்' அங்கீகரிக்கப்பட்டது. மற்றதெல்லாம் 'ஒலி மீறல்'. 'ம்ஹும்' முதல் நாளே தடை செய்யப்பட்டது. 'ம்க்கும்' என்று நொடிப்பவர்களுக்குத் தனிப் பிரிவு. வேலை போய்விடும், ஆறு மாதம் 'ஒலி திருத்தக'த்தில் இருந்தாக வேண்டும்.

இந்தப் புனிதப் பணியில் நான் 'முதுநிலைச் செவியர்'. மூன்றாம் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, நாடு சொல்லும் 'ம்'களைக் கேட்பேன். வலது கையில் 'ஒத்தது' முத்திரை. இடது கையில் 'ஒவ்வாதது' முத்திரை. என் காதைப் பற்றி வாரியத்தில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு பள்ளியின் ஆசிரியர் கூட்டப் பதிவு வந்தது. எந்தப் பள்ளி என்று இருக்காது. எண் மட்டும்தான் இருக்கும். தலைமையாசிரியர் பேசுகிறார்: "இனிமே பிள்ளைங்க வீடு வரைஞ்சா கதவு நடுவுலதான் இருக்கணும். ஜன்னல் ரெண்டு. கூரைமேல பூனை, காக்கா எதுவும் உட்காரக் கூடாது."

முப்பத்தொரு 'ம்'கள் அளவெடுத்துத் தைத்தது போல வந்து விழுந்தன. கடைசியாக ஒரு பெண் குரல்: "ம்க்கும்."

எனக்குக் காது கூசியது. பக்கத்துத் தடுப்பில் இருந்த செவியரைக் கூப்பிட்டு அவருக்கும் போட்டுக் காட்டினேன்.

"யாரு சார் இது, இவ்வளவு தைரியமா?" என்றார் அவர்.

"யாரா இருந்தா என்ன? வீட்டுல புருஷன் சரியில்லை போலிருக்கு" என்றபடி இடது கை முத்திரையை ஓங்கிக் குத்தினேன். மேசை ஆடியது.

சனிக்கிழமை தபாலில் விசாரணைக்கான அழைப்பு வந்தது. என் வீட்டுக்கு.

என் மனைவி ஓவிய ஆசிரியை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். பொதுவாகவே எனக்கு அது மறந்துவிடும். பதிவில் பள்ளியின் பெயர் இல்லை, சரி. குரல் இருந்ததே. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் கேட்ட குரல், நாட்டின் தலைசிறந்த காதுக்குப் பிடிபடவில்லை.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "கீழே செவியர் நம்பர் போட்டிருக்கு. இது உங்க நம்பர்தானே?"

"நீன்னு தெரியாமக் குத்திட்டேன்."

"தெரியலை இல்ல?" என்றாள். விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

எனக்குப் பயம், உள்ளபடியே பயம். அவள் இல்லாத ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்தேன். முதலில் என் சட்டைகளை யார் தேய்ப்பார்கள் என்று தோன்றியது. பிறகு அவளை அங்கே என்ன செய்வார்கள் என்று தோன்றியது. இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசு ஊழியன், பதிவேட்டைத் திருத்தக் கூடாது.

விசாரணை அறையில் வாரியத் தலைவர், இரண்டு உறுப்பினர்கள், ஓர் எழுத்தர். எப்பாடு பட்டாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நானே வலியப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

"சார், இவங்களைப் போல ஒத்துப்போற ஆளே கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துல நான் சொன்ன எதையும் மறுத்ததில்லை. எல்லாத்துக்கும் 'ம்'தான்."

"உதாரணத்துக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் தலைவர்.

"இவங்க படம் வரையற ரூமை என் ஃபைலுங்களுக்கு வேணும்னு கேட்டேன். 'ம்'னாங்க. வெளியூர்ல ஒரு ஓவியக் கண்காட்சிக்குக் கூப்பிட்டாங்க, போக வேண்டாம்னேன். 'ம்'. எங்க அக்கா குடும்பம் ஒரு மாசம்னு வந்து மூணு வருஷம் தங்கினாங்க. அதுக்கும் 'ம்'."

"அந்த 'ம்' எவ்வளவு நீளம்?"

"கவனிக்கலை சார்."

"இழுத்துச் சொன்னாங்களா, வெட்டிச் சொன்னாங்களா?"

"அதையும் கவனிக்கலை."

"நீங்க முதுநிலைச் செவியர்தானே?"

"ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் சார்."

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். தலைவர் என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. சட்டம் வந்து நாலு வருஷம் ஆச்சு. ஒரே 'ம்', ஒரே அர்த்தம். இதுக்குப் பழகிக்கறதுல உங்களுக்கு என்ன சிரமம்?"

அவள் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சிரமமே இல்லைங்க" என்றாள். "உங்க சட்டம் நாலு வருஷமாத்தான் இருக்கு. எங்க வீட்டுல இருபத்திரண்டு வருஷமா அதான் சட்டம். நான் எப்படி 'ம்'னாலும் இவருக்குச் சரின்னுதான் கேக்கும்."

உறுப்பினர்கள் தலைவரின் காதோடு ஏதோ பேசினார்கள். தலைவர் எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் சட்டம் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதற்கு உட்பட்டு வாழ்ந்திருப்பதால், நடந்தது வெறும் வாய் தவறல், அவர் விடுதலை. வேலையும் அப்படியே. எங்கள் வீடு இன்று முதல் 'முன்மாதிரி இல்லம்'. மறுப்பையும் சம்மதமாகவே கேட்கும் அரிய காதைப் பெற்ற கணவர், 'தலைமைச் செவியர்' பதவிக்கு உயர்த்தப்படுகிறார். நாடு இத்தனை பாடுபட்டு எட்டிய நிலையை, ஒரு தனிமனிதர், சட்டமோ ஊழியர்களோ இல்லாமல், தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே எட்டியிருக்கிறார்.

அறையே எழுந்து நின்று கைதட்டியது. என் மனைவி மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

முதலில் கைதட்டத் தொடங்கியது யார் என்று எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். நான்தான்.