அதிகாரம் தெரியாத வசனம்

மூன்றாவது தடவையாகத் தேடியும் அந்த வசனம் வேதாகமத்தில் இல்லை. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியில் 'கதவு' இருந்தது, 'தட்டு' இருந்தது, 'மூத்தவன்' இருந்தான். மூன்றும் ஒரே வரியில் எங்கும் சந்தித்துக்கொள்ளவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள் அவள். ஒருவருடைய ரத்த மாதிரியில் இன்னொருவர் பெயரை ஒட்டியதே இல்லை. போன வாரம் மட்டும், எங்கோ படித்த ஒரு வாக்கியத்தைக் கர்த்தர் பெயரில் ஒட்டிவிட்டாள்.

எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகும், மூத்தவன் நான் எப்படி இறங்கிப் போவது என்று முறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலில் கதவைத் தட்டுகிறவனே மூத்தவன்னு வேதத்துலயே இருக்குண்ணே" என்று அவள் அடித்துச் சொன்னாள். மனிதர் அதை இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் எதிர்வீட்டுக்குப் போனபோது காரியம் முடிந்திருந்தது. அன்று காலையே தம்பி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்திருந்தார். வாசலிலேயே இருவரும் கட்டிப்பிடித்து அழுததைச் சொல்லும்போது மறுபடியும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியே அதுதான், அதிகார எண்ணை மட்டும் எழுதிக் கொடு என்றார்.

பத்திரிகைக்கு அது நீளம் என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் மண்டபத்து வாசலில் பேனராகவே கட்டிவிடலாம் என்று அவர் துள்ளினார். எதற்கும் பாஸ்டரைக் கேட்டுவிட்டு எழுதலாமே என்று நழுவினாள். அவர் அப்போதே பாஸ்டருக்குப் போன் போட்டார்.

மறுநாள் பாஸ்டரே பரிசோதனைக் கூடத்துக்கு வந்து நின்றார். ரத்தம் கொடுக்க அல்ல. ஞாயிற்றுக்கிழமை அந்த வசனத்தையே பிரசங்கம் செய்வதாக மெக்கானிக்குக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"தெரிஞ்ச வசனம்தாம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "எண் மட்டும் சட்டுனு ஞாபகத்துக்கு வரல."

இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் சொன்ன பொய், பிரசங்க மேடை ஏறிவிடும். கையுறையைக் கழற்றிவிட்டு, அப்படியொரு வசனமே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்டர் ரத்தம் கொடுப்பவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தானும் வேதம் முழுக்கப் புரட்டிப் பார்த்ததாகவும், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதாகவும் ஒத்துக்கொண்டார். ஆளுக்குப் பாதித் தப்பு, சேர்ந்தே போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவானது.

சனிக்கிழமை தம்பி வீட்டில் இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார், அதோடு நிறுத்திக்கொண்டார். அவள்தான் பேசினாள்.

"அண்ணே, அது கர்த்தர் சொன்னது இல்ல. எங்கயோ படிச்சதை அவர் பேர்ல சொல்லிட்டேன். நல்லதுக்குன்னாலும், அவர் சொல்லாததை அவர் சொன்னதா சொல்ல எனக்கு உரிமை இல்ல. மன்னிச்சிருங்க."

மெக்கானிக் சாப்பிடுவதை நிறுத்தினார். சமாதானமே உடைந்துவிடுமோ என்று அவள் கதவோரமாகவே நின்றாள். அவர் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"அப்ப யாருடா சொல்லி நான் உன் கதவைத் தட்டினேன்?"

தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவிதான் பதில் சொன்னாள்.

"உங்க தம்பி சொல்லித்தான். என்னைக்காவது நீங்க படிப்பீங்கன்னு, உங்க தெரு வழியா போற பஸ்ஸுக்குப் பின்னாடி, எங்க கதவுக் கடை விளம்பரம்னு சாக்கு வச்சு ஒம்பது வருஷமா இந்த வரியைத்தான் எழுதி வச்சிருக்காரு."